கடுக்காய் மரத்து ஒயரை ஐயா இறக்கின கதை

இதை எழுதலாமா கூடாதா என்று வருஷக்கணக்கில் தயங்கினேன். ஆடி பிறந்தால் எழுதிவிட வேண்டும் என்று தோன்றும். ஆடி கழிந்தால், நமக்கு ஏன் வம்பு என்று விட்டுவிடுவேன். சாமி காரியம். அதிலும் எங்கள் ஊர் சாமி இல்லை, மலைமேல் இருக்கிற வேறு ஊர் சாமி. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். என் நாத்தனார் வேறு, "ஜனங்க ஒரு விதமா நம்பிக்கினு இருக்காங்க, நீ இன்னாத்துக்கு ஊடால பூந்து கெடுக்கிற" என்பாள். அவள் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் போன மாசம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா இந்தக் கதையையே என்னிடம் சொன்னார். அன்றைக்கு அந்த இடத்தில் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அவர் சொன்னதில் மலை மட்டும்தான் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு, தாயே, நடந்தது நடந்தபடி வரட்டும் என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

ஐயா என்று நான் எழுதுவது ஒரு காலத்தில் கள்ளக்குறிச்சியே டிவி முதலாளி என்று அழைத்த ஒருவரை. இந்தப் பக்கம் கச்சிராயபாளையம், அந்தப் பக்கம் உளுந்தூர்பேட்டை வரைக்கும் வீட்டுக்கு வீடு ஓடின கேபிள் அவருடையது. ஊர்ச் செய்தி போடுகிற சேனல் அவருடையது. ஒரு வாரப் பத்திரிகை, ஒரு அச்சகம், ரோட்டோரத்தில் விளம்பரப் பலகைகள், எல்லாம் அவருடையது. குழந்தைக்குக் காது குத்தினால் அவர் சேனலில் படம் வரவேண்டும், கிழவர் செத்தால் அவர் சேனலில் அஞ்சலி ஓடவேண்டும். அதுதான் மரியாதை. என் வீட்டுக்காரர் அவரிடம் லைன்மேன். கம்பம் ஏறி ஒயர் இழுப்பார், சில நாள் கட்டுப்பாட்டு அறையிலும் உட்காருவார்.

ஒரு வருஷம் தேர் இழுக்கும்போது முக்கில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. சேனலில் இன்னா போடறது என்று என் வீட்டுக்காரர் போன் செய்து கேட்டார். போன வருஷத்து டேப்பைப் போடு, ஜனம் மனசு கஷ்டப்படும் என்று ஐயா சொல்லிவிட்டார். வெளியூர்க்காரர்கள் எல்லாம் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்துவிட்டது என்று டிவிக்கே கற்பூரம் காட்டினார்கள். எனக்கு அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. நல்ல மனசு என்றுதான் நினைத்தேன்.

பிறகு செட்டாப் பெட்டி வந்தது, மாடிக்கு மாடி சின்ன டிஷ் வந்தது, அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது. ஐயா விடாமல் இழுத்துப் பார்த்தார். கடைசியில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று ஊரே பேசியது. கார் போனது, அச்சகம் போனது, வீடும் போனது. அடுத்த வருஷமே ஐயா வீட்டம்மாவும் போய்ச் சேர்ந்தார். கட்டுப்பாட்டு அறை மொட்டை மாடியில் இருந்த பெரிய டிஷ்களைப் பழைய இரும்புக்குப் போட்டபோது, என் வீட்டுக்காரர் ஒன்றைக் கேட்டு வாங்கி எங்கள் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். அதில் பழைய வேட்டியை விரித்து நான் வடாம் காயவைப்பேன். அவர் அரிசி ஆலையில் மூட்டை எடை போடுகிற வேலைக்குப் போனார். முழங்கால் வலி கொஞ்சம் கம்மியானது. இனிமேல் கம்பம் ஏற வேண்டியதில்லை என்று நான் அம்மனுக்கு மாவிளக்கு போட்டேன்.

கொரோனா அடங்கின பிறகு ஒரு காலையில் ஐயா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்ட மனுஷர். சட்டை மட்டும் அதே வெள்ளை. மாடியில் காற்று வரும் என்று அங்கே நாற்காலி போட்டேன். வடாம் ஞாபகமே எனக்கு இல்லை. டிஷ்ஷைப் பார்த்தார். எனக்கு உடம்பு கூசிப்போனது. அவர் ஒரு வடாமை எடுத்து உடைத்துப் பார்த்து, "இதுக்காவது சிக்னல் நல்லா வருதாம்மா" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மலையில் போன் சரியாக எடுப்பதில்லை, கரியாலூருக்கு மேலே பல ஊர்களில் ஒன்றுமே எடுப்பதில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து மலைமேல் ஃபைபர் ஒயர் இழுத்தால் இன்டர்நெட்டும் கொடுக்கலாம், நம் ஊர்ச் சேனலும் கொடுக்கலாம் என்றார் ஐயா. பணம் போட உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற பெரிய ஓட்டல் வைத்திருக்கிற ஒருவர் தயார். வேலைக்கு என் வீட்டுக்காரர் வேண்டும்.

ஐயா படி இறங்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் போய்விடுவார் என்று. "ஆலை வேலை நிக்குமா? ஐயா மறுபடி விழுந்தா நாமளும் சேந்து விழணும்" என்றேன். அவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "ஏம்மே, மூட்டைய எடை போட்டா மூட்டை எடைதான் தெரியுது." ஆலைக்காரரிடம் சொல்லிக்கொண்டு அந்த வாரமே மலையேறினார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. மலைமேல் மேகம் கட்டினால் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும். அங்கே மழை பெய்தால் இங்கே நான் மாடியை விட்டு இறங்கமாட்டேன். வழுக்கும் கம்பம், அவர் முழங்கால், வளைவில் இறங்குகிற மரவள்ளி லாரி, எல்லாம் கண்ணெதிரே வந்து போகும். பஸ் விட்டு இறங்கி அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் உலை வைப்பேன்.

மின்சாரக் கம்பம் இருக்கிற வரைக்கும் ஒயர் நன்றாகப் போனது. அனுமதியும் கம்பத்துக்குத்தான். ஒரு ஊரை நெருங்குகிற வளைவில் இரண்டு கம்பத்துக்கு நடுவே தூரம் ஜாஸ்தி. ஒயர் தொய்ந்து லாரியில் இடிக்கும்போல் இருந்தது. நடுவில் ஒரு பெரிய கடுக்காய் மரம். அதில் ஆணி அடித்து கிளாம்ப் போட்டு ஒயரைத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். ஐயாதான் கீழே நின்று, அந்த மரத்துல போடு என்று கை காட்டினார்.

எங்கள் பக்கத்தில் சாமி மரம் என்றால் ஒரு மஞ்சள் துணி இருக்கும், வேல் நட்டிருக்கும், மணி தொங்கும். குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த மரத்தில் ஒன்றுமே இல்லை. மலையில் அப்படித்தானாம். சாமி மரத்துக்கு ஒன்றும் கட்டமாட்டார்கள், நடமாட்டார்கள். அதன் கீழே செருப்போடு போகமாட்டார்கள், அதன்மேல் இரும்பு படவிடமாட்டார்கள். அவ்வளவுதான் அடையாளம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். கீழேயிருந்து போன இவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஊரார் யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் பயம். மறுநாளிலிருந்து இவர்களுக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டால் மாடு கறக்கலை என்றார்கள். கனெக்சனுக்குப் பெயர் கொடுத்த வீடுகளில் கதவு திறக்கவில்லை. இவர்களைக் கண்டால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். என் வீட்டுக்காரர் வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "திட்டுனாக்கூட தேவலாம். ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறாங்க" என்றார். கடைசியில் விறகு தூக்கிக்கொண்டு வந்த ஒரு வயசான அம்மாதான் நின்று, மேலே பார்த்துச் சொன்னதாம்: "எங்க சாமி தோள்ல கயிறு போட்டுட்டீங்க. சாமி என்ன மாடா?"

அன்றைக்கு ஐயா, ஓட்டல்காரர், என் வீட்டுக்காரர் மூன்று பேரும் எங்கள் வீட்டில்தான் பேசினார்கள். அந்த ஊரைத் தாண்டினால்தான் மேலே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் ஒயர் போகும். அங்கே நின்றால் எல்லாமே நின்றது. ஓட்டல்காரர் ஆடித் திருவிழாவுக்குள் திறப்பு விழா என்று பேனர்கூட அடித்துவிட்டார். அதிகாரி யாரையாவது பிடித்து ஒரு கடிதம் வாங்கினால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்றார். அவர்கள் வாய் திறக்கவே இல்லையே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஐயா, போய் கேட்டுடலாம் என்று மட்டும் சொன்னார்.

அந்த ஊருக்குத் தலைவர் மாதிரி இருக்கிற ஊர்க்கவுண்டரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் ஐயாவைவிடச் சின்ன வயசு. எங்களைக் கேக்காதீங்க, சாமியைக் கேளுங்க, பூ வச்சுப் பாப்போம் என்றாராம். ஆனால் ஆம்பளைகள் மட்டும் வந்து கேட்டால் சாமி காதில் வாங்காது. அடுப்பு மூட்டுகிற கையால் எண்ணெயும் அரிசியும் வரவேண்டும் என்றிருக்கிறார். ஐயா வீட்டில் அப்படி ஒரு கை இல்லை. ஐயா என்னிடம் வந்து, "நீ வரணும்மா. என் வூட்டு சார்பா" என்றார். அத்தனை பெரிய மனுஷர் கேட்டபோது என் கண் கலங்கிவிட்டது. பயமும் வந்தது. பூ கூடாது என்கிற பக்கம் விழுந்தால் என் கை ராசி சரியில்லை என்று ஆகிவிடாதா?

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, பித்தளைத் தாம்பாளத்தில் அரிசி, நல்லெண்ணெய், மஞ்சள், வெற்றிலைபாக்கு வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஐயா ஏசி கார் இல்லாமல் ஒரு காலத்தில் தெருமுனைக்குப் போகமாட்டார். அந்தச் சரளைக் கல்லில் வெறுங்காலோடு, என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கோபுரம் ஒன்றும் இல்லை. கல் அடுக்கின சுவர், புல் வேய்ந்த கூரை, உள்ளே எண்ணெய் பூசின ஒரு கல். அதுதான் சாமி. ஆனால் உள்ளே கால் வைத்ததும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. பூசாரி என் தாம்பாளத்தை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு செவ்வரளிப் பூவைத் தண்ணீரில் நனைத்து, அந்தக் கல்லின் வலத் தோளில் ஒன்று, இடத் தோளில் ஒன்று ஒட்டினார். வலப்பக்கப் பூ விழுந்தால் சரி. இடப்பக்கம் விழுந்தால் கூடாது. எல்லாரும் உட்கார்ந்தோம்.

பூ விழவில்லை.

வெயில் ஏறியது. ஊரே வாசலில் உட்கார்ந்திருந்தது. ஒரு சின்னக் குழந்தைகூட அழவில்லை. எனக்குத் தெரிந்த அம்மன் பெயரையெல்லாம் சொன்னேன். ஒரு எறும்பு இடப்பக்கப் பூவில் ஏறியது. பூ லேசாக ஆடியது. என் உயிரே நின்றுவிட்டது. எறும்பு இறங்கிப் போனது. பூ அப்படியே இருந்தது. ஐயா முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை ஓடியது, துடைக்கவில்லை. இந்த மனுஷருடைய மீதி ஆயுசும், எங்கள் வீட்டுச் சோறும் அந்த ஈரப் பூவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டல்காரருக்குப் பொறுமை இல்லை. என் வீட்டுக்காரர் காதில், "ஒரு டேபிள் ஃபேன் இருந்தா இந்நேரம் அனுமதி கெடச்சிருக்கும்" என்றார். ஊர்க்கவுண்டர் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "ஃபேன் போட்டா ரெண்டு பக்கமும் விழுமேங்க" என்றார். வாசலில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எங்களைப் பார்த்து அந்த ஊர் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

தண்ணீர் காய்ந்து பூ கல்லோடு ஒட்டிப்போனது. பூசாரி எழுந்து இரண்டையும் எடுத்துவிட்டார். இன்னைக்கு சாமி பேசலை, இன்னொரு நாள் வாங்க என்றார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஓட்டல்காரர் ஐயாவை ஓரமாகக் கூப்பிட்டார். நான், பூசாரி திருப்பிக் கொடுத்த தாம்பாளத்தோடு பக்கத்திலேயே நின்றேன். விழவில்லை என்றால் கூடாது என்று அர்த்தம் இல்லையே, கீழே போய் வலப்பக்கம் விழுந்தது என்று போட்டே சேனலைத் திறந்துவிடுவோம், கீழே இருக்கிறவர்கள் கனெக்சன் வாங்குவார்கள், கூட்டம் வந்தால் இவர்களும் தானாக வழிக்கு வருவார்கள் என்றார். பூ விழுகிற மாதிரி கம்ப்யூட்டரில் படமே செய்யலாமாம்.

ஐயா நேராகக் கடுக்காய் மரத்துக்கு நடந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், "இறக்குப்பா" என்றார்.

"ஐயா, இத கழட்டுனா என் பங்கையும் கழட்டிக்குவேன்" என்றார் ஓட்டல்காரர். "அப்புறம் வருத்தப்படக்கூடாது."

"வருத்தமாத்தான் இருக்கு. இறக்குப்பா."

இரும்புக் கம்பியால் நெம்பக் கூடாது என்று ஊர்க்கவுண்டர் ஒரு மர ஆப்பு செதுக்கிக் கொடுத்தார். அதை இடுப்பில் செருகிக்கொண்டு என் வீட்டுக்காரர் ஏறினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒயர் சரசரவென்று இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆணி வந்த ஓட்டையில் பிசின் கசிந்தது. அன்றைக்கு விறகோடு நின்று பேசின அந்த வயசான அம்மா ஈர மண்ணைக் குழைத்துக்கொண்டு வந்தது. என் தாம்பாளத்தைப் பார்த்து, அந்த மஞ்சளைப் போடு என்றது. போட்டேன். ஏணியில் நின்று என் வீட்டுக்காரரே தன் கையால் அதை அப்பினார். பால் கொடுத்தார்கள் என்றோ, கட்டிப்பிடித்தார்கள் என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் செருப்பு இருந்த இடத்தைக் காட்டினார்கள், நாங்கள் பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் ஐயா கம்பியைப் பிடித்தபடி முன்சீட்டைப் பார்த்தே பேசினார். "அச்சு முறிஞ்ச வருஷம் பழைய டேப் போட்டோமே. அதுக்கப்புறம் நான் நெசமாவே இன்னா காட்டுனாலும் ஜனம் இது இந்த வருஷத்துதா, போன வருஷத்துதான்னு கேக்க ஆரம்பிச்சிருச்சு. பெட்டி வந்து என்னைக் கவுக்கல." என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓட்டல்காரர் சொன்னபடி விலகிக்கொண்டார். ஆடி வந்தது, பேனர் மட்டும் எங்கேயோ சுருட்டிக் கிடந்தது. ஆலையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அந்த மாசங்களில் நான் அம்மனிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: எதற்காக என்னைத் தாம்பாளம் தூக்க வைத்து, வாய் பேசாமல் அனுப்பினாய்? கோபம்கூட வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஒரு வெள்ளி விளக்கேற்றாமலும் இருந்தேன்.

மலைமேல் இழுத்த ஒயரையெல்லாம் இறக்கிச் சுருட்டிக்கொண்டு வந்து, மலையடிவாரத்து ஊர்களுக்கு மட்டும் ஐயா இழுத்தார். கச்சிராயபாளையத்தில் ஒரு உரக்கடைக்கு மேலே சின்ன அறை. அங்கே சேனல். அணையில் தண்ணீர் எவ்வளவு, யார் கரும்புக்கு சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் வந்திருக்கிறது, எந்த டவுன் பஸ் ஓடவில்லை, யார் வீட்டில் துக்கம். அவ்வளவுதான். ஆனால் முதல் நாள் காலையில் அவரே காமிராவுக்கு எதிரில் உட்கார்ந்தார். வணக்கம் சொல்லிவிட்டு இதைத்தான் சொன்னார்:

"மலைமேல தெரியாம ஒரு சாமி மரத்துல ஆணி அடிச்சிட்டோம். நான்தான் கை காட்டினேன். பூ வச்சுக் கேட்டோம். பூ விழல. அதனால ஒயரை இறக்கிட்டோம். மேல இருக்கிற ஊர்களுக்கு இப்ப சேனல் கெடையாது."

நான் வீட்டில் டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். முதல் நாளே எவனாவது இப்படிச் சொல்வானா என்று என் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் பகீரென்றது. இருக்கிற நாலு வீடும் கனெக்சனை அறுத்துக்கொள்ளுமோ என்று பயந்தேன்.

அறுக்கவில்லை. மெதுவாகக் கூடினார்கள். இந்தச் சேனலில் சொன்னால் அது இன்றைக்கு நடந்ததுதான் என்று பேச்சு வந்தது. அடிவாரத்து ஊர்களில் மலைக்காரர்களுக்குச் சொந்தபந்தம் உண்டு. அவர்கள் வழியாக மேலேயும் போயிருக்கிறது.

தை கழிந்து ஒரு நாள் ஊர்க்கவுண்டர் இன்னும் சிலரோடு டவுன் பஸ்ஸில் வந்து உரக்கடை மாடிப்படி ஏறினார். கையில் ஒரு பை சாமை. என் வீட்டுக்காரரும் அங்கே இருந்தார். மரத்தைச் சுற்றிக்கொண்டு தங்கள் காட்டு வரப்பிலேயே கம்பம் நட்டுக்கொள்ளலாம், குழி நாங்களே எடுக்கிறோம் என்றார்கள். சாமி உத்தரவு கொடுத்துவிட்டதா என்று ஐயா கேட்டிருக்கிறார். "சாமி இன்னும் பேசலைங்க. வரப்பு எங்களுது, நாங்க பேசலாம்னு வந்தோம்" என்றாராம்.

அப்படித்தான் ஒயர் மேலே போனது. கரியாலூரைத் தாண்டியும் இப்போது ஓடுகிறது. ஐயா பழைய மாதிரி பெரிய முதலாளி ஆகவில்லை. ஆனால் ஐயா சேனல் என்றால் மலையிலும் அடிவாரத்திலும் தெரியும். அவருக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. காலையில் அறைக்கு வந்து உட்கார்ந்து, ஓடுகிற எழுத்தை மட்டும் ஒன்று விடாமல் படிப்பார். என் வீட்டுக்காரர் இன்னும் கம்பம் ஏறுகிறார். மலைமேல் மேகம் கட்டினால் இன்றைக்கும் நான் மாடியிலேயே நிற்கிறேன். தெருமுனையில் அவர் தலை தெரிந்த பிறகுதான் உலை.

விலகிப்போன ஓட்டல்காரர் இப்போது கல்லாவுக்கு மேலே ஐயா படத்தை மாட்டியிருக்கிறார். வருகிற லாரிக்காரர்களிடம், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், ஐயா கும்பிட்டதும் வலப்பக்கப் பூ அவர் மடியிலேயே விழுந்தது என்று சொல்கிறாராம். அது ஊர் ஊராகப் போய்விட்டது. படத்தோடு போனிலும் சுற்றுகிறது. கல்யாணப் பந்தியில் எனக்குச் சொன்னதும் அதுதான். அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார். அவர் பக்தியில் எனக்குக் குறை இல்லை.

இப்படி ஒரு கதை சுற்றுகிறது, நடந்ததை நான் எழுதட்டுமா என்று ஐயாவிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். நான் இருக்கும்போதே எழுதிடும்மா என்றார். அதனால் எழுதிவிட்டேன். உங்களுக்குப் பிடித்திருந்தால் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். எனக்கு வந்த கோபத்தையும் சேர்த்தே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். சாமியைப் பெரிதாகக் காட்டுகிறோம் என்று நினைத்து ஒரு பூவையும் விழவைக்காதீர்கள். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கமும் விழவில்லை, இடப்பக்கமும் விழவில்லை. இரண்டையும் காய்ந்த பிறகு பூசாரிதான் கையால் எடுத்தார். இதை மட்டும் யாரும் மாற்றாமல் சொல்ல வேண்டும்.